தமிழைக் கணினியில் நிறுவிய கதை: நெகிழ்வட்டு முதல் தரவு ஆய்வு மென்பொருள் வரை



பயிற்சிப் புத்தகம் எழுதும் மாணவர்கள் இப்போது பள்ளி ஆய்வுப் பணிக்காகக் கணினியில் தரவு அலசவும் தொடங்கிவிட்டார்கள். "டீச்சர், என் லேப்டாப்பில் தமிழ் சரியா வருது, அவன் லேப்டாப்பில் மட்டும் கட்டம் கட்டமா வருதே, ஏன்?" என்ற கேள்வி எல்லாப் பள்ளியிலும் கேட்கக்கூடியதுதான். மென்பொருளை மறுபடி நிறுவச் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் காரணம் நாற்பது ஆண்டு வரலாற்றில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தானாகவே அவிழ்ந்துவிடும்.

1. சில்லு இங்கே, எழுத்து எங்கே?

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பினாங்கிலிருந்து தமிழ் இதழ்கள் வெளிவந்தன. அன்று ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கினால்தான் ஒரு வரி உருவாகும். எழுத்து இல்லாத அச்சகத்தில் தமிழும் இல்லை. கணினிக்கும் அதே விதிதான்.

1969இல் நம் தீவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. 1972இல் பாயான் லெப்பாசில் இன்டெல் ஆலை வந்தது. உலகக் கணினிகளுக்கான சில்லுகள் நம் ஊரில் உருவாகத் தொடங்கின. ஆனால் அந்தக் கணினிகளுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்துக்கு என்று அமைத்த பெட்டிக்குள் தமிழை யாராவது கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது.

அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் நம் நாட்டவர், கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன். 1985இல் அவர் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். பின்னர் அது 'முரசு அஞ்சல்' ஆனது. ஏறக்குறைய அதே காலத்தில் கனடாவில் கி. சீனிவாசன் 'ஆதமி'யை உருவாக்கினார். சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை உருவாக்கி, 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற எழுத்துருவை விண்டோஸ், மெக்கின்டாஷ் இரண்டுக்கும் இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை ஒருங்கிணைத்தவரும் அவரே.

இவர்களில் ஒருவர் பொறியாளர், ஒருவர் ஆசிரியர், ஒருவர் வேதியியலார். எந்தப் பெரிய நிறுவனமும் அவர்களைக் கூப்பிட்டு வேலை கொடுக்கவில்லை. தேவையை உணர்ந்து அவர்களே முன்வந்தார்கள்.

2. ஆளுக்கு ஒரு பெட்டி

அன்றைய எழுத்துருவில் மொத்தம் 256 இடங்கள். அதில் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் குறிக்கும் போய்விடும். நமக்கோ 247 எழுத்து, கிரந்தம் வேறு. அதனால் எழுத்தைத் துண்டுகளாக்கி, கிடைத்த இடத்தில் வைத்தார்கள். எந்த எண்ணில் எந்தத் துண்டு என்பதை ஒவ்வொருவரும் தம் வசதிப்படி முடிவு செய்தார்கள்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பில் இருப்பது எழுத்து அல்ல, எண். அந்த எண்ணுக்கு உருவம் கொடுப்பது எழுத்துரு. ஆகவே 'பாமினி'யில் தட்டிய கோப்பை, பாமினி நிறுவாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பைதான் தெரியும். எழுத்துருவை நிறுவினால் தமிழ் திரும்பி வரும். வேறு எழுத்துருவைப் போட்டால் அது வேறு குப்பையாக மாறும்.

இதைத் தீர்க்க இரண்டு முயற்சிகள் நடந்தன. இணையம் வழி கூடிய ஆர்வலர்கள் 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் 'டாம்', 'டாப்' என்ற இரண்டு குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் பரிந்துரைக்கப்பட்டன. 2000இல் சிங்கப்பூர் மாநாட்டையொட்டி உத்தமம் என்ற உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. அடுத்த ஆண்டு மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தது.

பொதுக் குறியீடு வேண்டும் என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு. எது பொது என்பதில்தான் இழுபறி. விளைவு, ஒன்றுக்குப் பதில் மூன்று நான்கு 'பொது' முறைகள்! விசைப்பலகையில் மட்டும் தமிழ்99 நிலைத்துவிட்டது. இன்றும் நாம் அதைத்தான் கற்பிக்கிறோம்.

3. ஒருங்குறி வந்தும் ஏன் தாமதம்?

யூனிகோடு எனப்படும் ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991இல் வெளிவந்தது. தமிழுக்கு அதில் 128 இடங்கள். இந்திய அரசின் 'இஸ்கி' குறியீட்டின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு அந்த இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒருங்குறியில் த என்ற எழுத்துக்கு உலகம் முழுவதும் ஒரே எண். எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது.

இவ்வளவு நல்ல முறை உடனே ஏன் பரவவில்லை? இயங்குதளங்கள் தயாராக இல்லை என்பதே காரணம். ஒருங்குறியில் 'கெ' என்பது முதலில் க, பிறகு எகரக் குறி என்று சேமிக்கப்படும். திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தை இயங்குதளம் செய்து காட்ட வேண்டும்.

விண்டோஸ் 2000இல் 'லதா' எழுத்துருவோடு இந்த வசதி வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் வசதி இருந்தும், அமைப்புப் பகுதிக்குப் போய், குறுவட்டைப் போட்டு, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியாக நிறுவ வேண்டும். 2007இல் வந்த விஸ்தாவில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆப்பிள் கணினிகளில் 2000களின் நடுப்பகுதியில் முத்து நெடுமாறனின் 'இணைமதி' எழுத்துரு இயங்குதளத்தோடே வந்தது. லினக்சில் தன்னார்வலர்கள் எழுத்துருவும் விசைப்பலகையும் அமைத்தார்கள். விண்டோசில் தட்டச்சு செய்ய 'அழகி', 'எ-கலப்பை' போன்ற மென்பொருள்கள் கைகொடுத்தன. கைப்பேசிக்கு 2005இல் 'செல்லினம்' வந்தது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தன் அதிகாரப்பூர்வக் குறியீடாக அறிவித்தது; 'டேஸ்16' மாற்றுக் குறியீடாக ஏற்கப்பட்டது.

அதாவது, தரம் 1991இல் தயார். அது சாதாரண ஆசிரியரின் மேசைக்கு வரப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு கண்டுபிடிப்பு பயன்பாட்டுக்கு வர, அது நிறுவப்படும் சூழலும் மாற வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

4. ஆய்வு மென்பொருள் என்ற புதிய வாசல்

இப்போது நம் மாணவர்கள் தட்டச்சோடு நிற்பதில்லை. ஒரு சிறுகதைத் தொகுப்பில் எந்தச் சொல் அதிகம் வருகிறது, கட்டுரைகளில் எந்த ஒற்றுப்பிழை மிகுதி என்று எண்ணிப் பார்க்க விரும்புகிறார்கள். இதற்கு அறிவியல் துறையின் மென்பொருள்களே போதும்.

1968இல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த எஸ்பிஎஸ்எஸ் சமூக அறிவியலாருக்கானது. 'ஆர்' என்ற புள்ளியியல் மொழியை நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் 1990களில் உருவாக்கினார்கள். அதன் முதல் முழுப் பதிப்பு 2000 பிப்ரவரி 29இல் வெளியானது. அது இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பைத்தான் மொழியும் அப்படியே. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3இல் எல்லாச் சரங்களும் ஒருங்குறியில்தான்.

ஆனால் பழைய வரலாறு இங்கேயும் தலைகாட்டுகிறது. மேக்கிலும் லினக்சிலும் இயல்பான குறியாக்கம் யூடிஎஃப்-8. விண்டோசில் நீண்ட காலம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் பழைய குறியீட்டுப் பக்கங்களே இயல்பு. அதனால் ஒரே 'ஆர்' நிரல் மேக்கில் தமிழைத் தமிழாகக் காட்டும். விண்டோசிலோ சில இடங்களில் எழுத்துக்குப் பதில் அடைப்புக்குறிக்குள் எண் வரும். 2022 ஏப்ரலில் வந்த ஆர் 4.2.0 பதிப்புதான், புதிய விண்டோஸ் 10, 11இல் யூடிஎஃப்-8ஐ இயல்பாக்கியது. எனவே பழைய பதிப்பை வைத்துக்கொண்டு போராட வேண்டாம். முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்:

விண்டோஸ்: ஆர் 4.2.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவுங்கள். பைத்தானில் கோப்பைத் திறக்கும்போது குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். கூகுள் படிவத்திலிருந்து இறக்கிய கோப்பை எக்செலில் நேராகச் சொடுக்கித் திறந்தால் தமிழ் சிதையலாம். தரவு இறக்குமதி வழியாகப் போய் யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள்.

மேக்: உங்கள் கணினியின் சில்லு இன்டெலா ஆப்பிளா என்று பார்த்து அதற்குரிய நிறுவல் கோப்பை இறக்குங்கள். குறியாக்கச் சிக்கல் குறைவு.

லினக்ஸ்: மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே நிறுவலாம். படத்தில் கட்டங்கள் வந்தால் அது குறியாக்கப் பிழை அல்ல; தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். லோகித், நோட்டோ இரண்டில் ஒன்றைச் சேர்த்தால் போதும்.

குரோம்புக்: பள்ளியில் கொடுத்த கருவியில் பெரும்பாலும் எதையும் நிறுவ முடியாது. உலாவியிலேயே இயங்கும் கூகுள் கோலாப் போன்ற சேவையைப் பயன்படுத்துங்கள்.

5. கணினி எண்ணுவதும் நாம் எண்ணுவதும்

நிறுவியாச்சு, வேலை முடிந்ததா? இல்லைங்க. இங்கேதான் தமிழாசிரியர் தேவைப்படுகிறார்.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. பைத்தானைக் கேட்டால் ஐந்து என்கும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது தனித்தனியாக எண்ணுகிறது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, ஆக மொத்தம் பதினைந்து. மூன்று, ஐந்து, பதினைந்து ஆகிய மூன்று விடையும் அதனதன் அளவில் சரியே. யாப்பு ஆராய்பவருக்கு வேண்டியது மூன்று மட்டும்தான்.

அடுத்து, வரிசை. மலை, மழை, மறை என்பது அகராதி வரிசை. ஒருங்குறியில் ர-வுக்கு அடுத்து ற வைக்கப்பட்டிருப்பதால், பைத்தானில் சும்மா வரிசைப்படுத்தினால் மறை, மலை, மழை என்று வரும். இஸ்கி மற்ற இந்திய எழுத்துகளோடு ஒத்துப்போகும்படி அமைக்கப்பட்டதன் எச்சம் இது. இன்னொன்று, 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இயல்பாக்கம் செய்யாவிட்டால் கணினி அவற்றை இரண்டு வேறு சொற்களாக எண்ணும். மாணவரின் அட்டவணை பிழையாகும்.

6. நம் கையில் இருப்பது

ஓய்வுபெறும் தமிழாசிரியர்களிடம் இருபது முப்பது ஆண்டுத் தேர்வுத்தாள்களும் பயிற்சிகளும் பழைய வட்டிலும் பென்டிரைவிலும் கிடக்கின்றன. அவை பெரும்பாலும் பழைய குறியீட்டில் இருப்பவை. இணையத்தில் கிடைக்கும் குறியீட்டு மாற்றிகளால் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றலாம். ஆனால் எந்த எழுத்துருவில் தட்டியது என்று தெரிந்திருக்க வேண்டும். அதை நினைவில் வைத்திருப்பவர் அந்த ஆசிரியர் மட்டுமே. அவர் இருக்கும்போதே கேட்டு, கோப்பின் பெயரோடு எழுத்துருவின் பெயரையும் எழுதி வைப்பது பாடப் பணித்தியத்தின் ஓர் ஆண்டு வேலையாக இருக்கட்டும். மாற்றிய பின் ஒரு பக்கத்தையாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொம்பும் காலும் உள்ள எழுத்துகளில்தான் பிழை அதிகம் ஒளிந்திருக்கும்.

மாணவர்களுக்கு மூன்று வினாக்கள்:

அ) ஒருங்குறி 1991இல் வந்தும் பள்ளிகளுக்கு வரத் தாமதமானதற்கான காரணங்களை விளக்குக.

ஆ) 'கோப்பில் இருப்பது எழுத்து அல்ல, எண்.' இக்கூற்றைத் தக்க எடுத்துக்காட்டுடன் நிறுவுக.

இ) உங்கள் பாட நூலின் ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்து, அதிலுள்ள எழுத்துகளைக் கையாலும் கணினியாலும் எண்ணுக. வேறுபாட்டுக்குக் காரணம் கூறுக.

மூன்றாவது வினாவை வகுப்பில் குழுவாகச் செய்யச் சொல்லுங்கள். ஒரு குழு விண்டோசிலும் இன்னொரு குழு குரோம்புக்கிலும் செய்யட்டும். விடை ஒன்றாக வந்தால் நிறுவலும் குறியாக்கமும் சரி. வேறாக வந்தால், எந்த இடத்தில் பிரிந்தது என்று தேடுவதே அன்றைய பாடம்.