காவலும் அந்தரங்கமும்

நாட்டிற்குக் காவல் வேண்டும். வீட்டிற்குக் கதவு வேண்டும். காவலன் வந்து கதவைத் திறக்கச் சொல்லும் நேரமும் உண்டு. அந்நேரம் எது, யாருடைய ஆணையின்பேரில் திறப்பது, உள்ளே கண்டதை எழுதி வைக்கும் ஏட்டை யார் தணிக்கை செய்வது என்னும் வினாக்களுக்கு ஓர் அரசு கூறும் விடையைக் கொண்டே அதன் பண்பை அறியலாம். நம் நாட்டில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக இவ்விடை தேடப்பட்டு வந்த வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

வள்ளுவர் வைத்த வரிசை

ஒற்று என்பது வெள்ளையர் கப்பலில் வந்து இறங்கிய சரக்கன்று. வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். வேந்தனுக்கு ஒற்றர் தேவை என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆயினும் இரண்டு செய்திகளை நாம் கூர்ந்து நோக்குதல் நன்று. ஒற்றரால் ஆராயப்பட வேண்டியவரை வரிசைப்படுத்துங்கால், அரசனின் வினை செய்வாரை அவர் முதலில் வைக்கின்றார். சுற்றத்தாரை அடுத்து வைக்கின்றார். வேண்டாதவர் மூன்றாவதாகவே வருகின்றனர். மேலும், ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்ந்த பின்னரே கொள்ளுமாறு பணிக்கின்றார். கண்காணிப்பவனும் கண்காணிப்பிற்கு உட்பட்டவனே என்னும் நெறி இதனுள் அடங்கியுள்ளது.

அஞ்சலும் தந்தியும்

ஆங்கில ஆட்சியில் இந்நெறி தலைகீழாயிற்று. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டமும், பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பின் பொருட்டுச் செய்திகளை இடைமறிக்க அரசாங்கத்திற்கு அதிகாரம் அளித்தன. நெருக்கடி உண்மையில் உண்டா என்று எவரேனும் ஐயுற்றால், அஞ்சல் சட்டம் அதற்கும் வழி வைத்திருந்தது. ‘உண்டு’ என்று அரசாங்கம் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தால் அதுவே முடிந்த முடிவு! வழக்காடுபவரே சாட்சியும் நீதிபதியுமாய் அமரும் விந்தையை என்னென்பது? 1908 முதல் 1918 வரை புதுவையில் தங்கியிருந்த பாரதியாரைச் சுற்றி ஆங்கில அரசின் ஒற்றர் ஓயாது உலவிய செய்தியை நாம் அனைவரும் அறிவோம்.

ரேகைச் சட்டம்

கடிதம் உடையவனுக்கு இந்நிலை என்றால், எழுத்தறியா ஏழையின் நிலை இதனினும் கொடிது. வங்காளத்தில் 1858-இல் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துக்குத் துணையாகக் கையின் பதிவை வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் தோன்றிற்று. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவரின் உழைப்புப் பெரிது. குற்றவாளியைக் கண்டறிய இஃது அரிய கருவி. இதனால் நிரபராதிகள் விடுதலை பெற்றதும் உண்டு. ஆனால் அதே கருவி குற்றம் செய்யாதவர்மீதும் ஏவப்பட்டது.

1871-இல் வட இந்தியாவிற்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. குறிப்பிட்ட சமூகங்களில் பிறந்த ஒரே காரணத்தால் மக்கள் ரேகை பதிய வேண்டும். ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ஆடவர் இரவில் காவல் நிலையத்தில் சென்று படுக்கவும் நேர்ந்தது. மதுரை மாவட்டத்து மக்கள் இதனை ‘ரேகைச் சட்டம்’ என்றே வழங்கினர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த மக்கள்மீது போலீஸார் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினைவருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மக்களுக்காக வாதாடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் ‘ரோசாப்பூத் துரை’ என்று அன்புடன் போற்றினர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதிலும் 1952-இலும் இச்சட்டம் நீக்கப்பட்டது.

நள்ளிரவில் தட்டிய கதவு

விடுதலைக்குப் பின்னும் பழைய ஏடுகள் பல மூடப்படவில்லை. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் 1941-இல் கொள்ளை வழக்கொன்றில் பிடிபட்டுச் சாட்சியம் இன்மையால் விடுவிக்கப்பட்டார். வழக்கு முடிந்தது, ஆனால் போலீஸ் ஏட்டில் அவர் பெயர் ஏறிற்று. காவலர் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டி எழுப்புவதும், அவர் போகும் ஊர்களுக்கெல்லாம் விசாரணைச் சீட்டு முன்னே செல்வதுமாக ஆண்டுகள் கழிந்தன என்பது அவரது முறையீடு.

1962 டிசம்பர் 18-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். பெரும்பான்மையோரின் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ராஜகோபால ஐயங்கார். மாறுபட்டு எழுதியவர் நீதிபதி சுப்பா ராவ். இருவரும் முன்னர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணிசெய்தவர்கள். இரவில் வீடு புகுதல் செல்லாது என்பதில் அனைவரும் ஒன்றுபட்டனர். ஆயினும் மற்றக் கண்காணிப்புகள் செல்லும் என்றும், அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் உறுதியளித்த உரிமையன்று என்றும் பெரும்பான்மையோர் கூறினர். சுப்பா ராவ் அதற்கு உடன்படவில்லை. ஒவ்வோர் அடியும் பிறர் கண்ணுக்கு உட்பட்டிருப்பவன் நடமாடினாலும் உரிமையோடு நடமாடுபவன் ஆகான் என்பது அவர் கருத்து. அன்று சிறுபான்மையாய் ஒலித்த அக்குரல் வெற்றி பெற ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

கடிதத்தின் கதை

ஊர் விட்டு ஊர் வந்த நம்மனோர்க்குக் கடிதத்தின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ? தாய்க்கு அனுப்பும் மணியார்டரும், மகளின் பேறு காலச் செய்தியும், தம்பியின் வேலை விவரமும் ஒரு காலத்தில் அஞ்சற் பையிலேயே பயணம் செய்தன. அவற்றைப் பிரிக்கும் அதிகாரத்தை விரிவாக்கும் மசோதா 1986-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதில் ஒப்பமிடாமலே வைத்திருந்து பதவி நிறைவுற்றுச் சென்றார். பின்வந்த நம் தஞ்சை மண்ணின் மைந்தர் ஆர். வெங்கட்ராமன், 1990-இல் அதனை மறு ஆய்வுக்குத் திருப்பியனுப்பினார். இறுதியில் மசோதா கைவிடப்பட்டது.

தொலைபேசிக்கும் இத்தகைய வழக்கு எழுந்தது. அரசியல் தலைவர்களின் தொலைபேசிகள் ஒட்டுக் கேட்கப்பட்டதை மத்தியப் புலனாய்வுத் துறை ஆராய்ந்தபோது, சிலவற்றிற்கு அனுமதி ஆணையே காட்ட இயலவில்லை; கோப்புகளும் செம்மையாய்ப் பேணப்படவில்லை. ஏடு எழுதிப் பிழைக்கும் நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். கணக்கில்லாத கல்லாவில் கை வைப்பவனைத் தடுப்பார் இல்லை. 1996 டிசம்பர் 18-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் விதிகளை வகுத்தது. உள்துறைச் செயலாளரே ஆணையிட வேண்டும். ஆணை இரண்டு மாதமே நிற்கும். நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டலாகாது. மறு ஆய்வுக் குழு ஒன்று அதனைப் பரிசீலிக்க வேண்டும் என்பன அவற்றுள் தலையாயவை. கரக் சிங் தீர்ப்பு வந்த அதே நாளில், முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து இத்தீர்ப்பு வந்தது குறிப்பிடத்தக்கது.

பின்னர் ஆதார் எண் குறித்து, ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர். அதில் அரசு தலையிட வேண்டுமாயின் சட்டம் இருத்தல் வேண்டும். தக்க நோக்கம் இருத்தல் வேண்டும். தலையீடு தேவைக்கு மிகாதிருத்தல் வேண்டும். 2018-இல் ஆதார் சட்டம் பெருமளவு நிலைபெற்றது; எனினும் வங்கிக் கணக்கிற்கும் தொலைபேசிக்கும் அதனைக் கட்டாயமாக்கியது செல்லாதாயிற்று. கதை இத்துடன் முடியவில்லை. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சல் சட்டத்திலும் கடிதத்தை இடைமறிக்கும் அதிகாரம் தொடர்கின்றது.

இரு பக்கமும் நோக்குவோம்

ரெயில்வே ஊழியராகிய நாம் காவலை எளிதாக எண்ணுபவர் அல்லோம். 2006 ஜூலை 11-ஆம் நாள் மும்பைப் புறநகர் ரெயில்களில் வெடித்த குண்டுகள் 180-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. 2008 நவம்பர் 26-ஆம் நாள் சத்திரபதி சிவாஜி நிலையத்தில் நிகழ்ந்த கொலைகளுக்கு அங்குப் பதிவான படங்களே நீதிமன்றத்தில் சான்றாய் நின்றன. நிலையத்தில் கேமரா வேண்டாம் என்று அறிவுடையோர் கூறார்.

ஆயினும் ஒரு சிறு எடுத்துக்காட்டைக் காண்மின். பயணியர் பெயரும் வயதும் பொறித்த பட்டியலைப் பெட்டியின் வாயிலில் ஒட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இருக்கை தேடுவோர்க்கு அது துணை. தனித்துச் செல்லும் பெண் யார், எந்த இருக்கையில் இருப்பாள் என்று துருவுவோனுக்கும் அதுவே துணை! 2018 மார்ச் முதல் பெரிய நிலையங்களில் இவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. பரிசோதகர் கையில் பட்டியல் இருந்தது, வண்டியும் ஓடிற்று. வேண்டியவரிடம் வேண்டிய அளவு விவரம் இருந்தால் போதும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நம் கடமை

இவ்வரலாறு நம் காலனிக்கும் உரியது. மொழி வேறுபட்ட ஊரில் வீடு தேடும் தமிழ்க் குடும்பத்திடம் ஆதார் நகல் கேட்கின்றனர். போலீஸ் சரிபார்ப்புத் தாள் கேட்கின்றனர். ஒழுங்கு முறைக்காகக் கேட்பின் மகிழ்ந்து தருவோம். அயலூரான் என்னும் ஐயத்தால் கேட்பின் நெஞ்சு நோகின்றது. அந்நோவை அறிந்த நாம், நம் வாயிலில் வந்து நிற்கும் வேலைக்காரப் பெண்ணையும் பொருள் கொணரும் இளைஞனையும் எவ்வாறு நடத்துகின்றோம்? அவர்கள் படமும் எண்ணும் பதிந்த ஏடு வாயிற் காவலர் மேசையில் எவரும் புரட்டும்படி கிடத்தல் முறையாகுமா?

எனவே காலனியில் கேமரா வைப்போர் சிலவற்றை முன்கூட்டியே முடிவு செய்தல் நலம். அது வாயிலை நோக்க வேண்டும். பிறர் சன்னலை நோக்கலாகாது. பதிவைப் பார்க்க உரியவர் யார் என்று எழுதி வைக்க வேண்டும். பார்த்தவர் பெயரையும் நாளையும் குறிக்க வேண்டும். இத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்று வரையறுக்க வேண்டும். சங்க உறுப்பினரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அவர்தம் இசைவின்றி எங்கும் அச்சிடலாகாது.

காவல் இல்லாத வீடு அச்சத்தில் வாடும். கதவில்லாத வீடு நாணத்தில் வாடும். காவலுக்கு எல்லையும், காப்போனுக்குக் கணக்கும் வகுத்து இரண்டையும் பேணுவோமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!