வால்வும் கடல்மணலும்: ஸ்ரீ சித்திரா நிறுவனத்தின் இரண்டு ஆய்வுகள்

பல்துறை ஆய்வு என்னும் தொடர் இன்று கருத்தரங்க அழைப்பிதழ்களில் மலிந்துவிட்டது. சூழலியல் கட்டுரை ஒன்று, தர மேலாண்மைக் கட்டுரை ஒன்று, இதய மருத்துவக் கட்டுரை ஒன்று என அடுத்தடுத்து அச்சிட்டுத் தொகுப்பாக்கினால் பல்துறை ஆய்வு நிகழ்ந்துவிட்டதாகக் கொள்கிறோம். அத்தகைய தொகுப்புகளில் அட்டையைத் தவிர வேறெதுவும் அவற்றை இணைப்பதில்லை. நான் வசிக்கும் வாகட்டை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பகுதியில் ஒரு பற்றவைப்பு தாங்குமா தாங்காதா என்பது வாகன உதிரிபாகப் பட்டறைகளின் அன்றாடக் கேள்வி. அதே கேள்வி மனித இதயத்துக்குள் எழுந்த வரலாறு ஒன்று உண்டு. அதே மருத்துவமனையில், அதே ஆண்டுகளில், கடற்கரை மணலை நோக்கியும் ஒரு கேள்வி எழுந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனம் திருவிதாங்கூர் அரச குடும்பம் அளித்த கொடையிலிருந்து உருவானது. 1976-இல் மருத்துவப் பணியைத் தொடங்கியது; 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. இதன் முதல் இயக்குநர் இதய அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான் (1934–2024). மருத்துவமனையோடு பொறியியல் ஆய்வுப் பிரிவு ஒன்றையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் நிறுத்தியது அவருடைய தனித்த பங்களிப்பு. பூஜப்புரையில் உள்ள சாட்டல்மண்ட் அரண்மனை அப்பிரிவின் இருப்பிடமாயிற்று. அரண்மனை அறைகளில் கடைசல் இயந்திரங்களும் சோதனைக் கருவிகளும் ஓடிய காட்சியை எண்ணிப் பார்க்கலாம்.

அக்காலத்தில் இளம்வயதிலேயே வால்வு பழுதடைந்து வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்தில் ருமாட்டிக் காய்ச்சலுக்கு ஆளானவர்கள். தொண்டைத் தொற்றில் தொடங்கி இதய வால்வைச் சிதைக்கும் அந்நோய், நெருக்கடியான குடியிருப்புகளில் வாழும் ஏழைகளையே மிகுதியும் தாக்கும். மாற்று வால்வோ வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதன் விலை அவர்களுக்கு எட்டாதது. ஆகவே சாய்ந்து திறக்கும் ஒற்றைத் தகடு கொண்ட வால்வு ஒன்றை உள்நாட்டிலேயே உருவாக்கும் முயற்சி தொடங்கியது. பொறியியல் குழுவை ஜி. எஸ். புவனேஸ்வர் வழிநடத்தினார்.

நிமிடத்துக்கு 70 துடிப்பு எனக் கொண்டால் வால்வின் தகடு நாளொன்றுக்கு ஒரு இலட்சம் முறையும், ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 கோடி முறையும் திறந்து மூடவேண்டும். இயந்திர வால்வுக்கு இன்றைய பன்னாட்டுத் தரநிலை கேட்கும் 40 கோடி சுழற்சிகள் பத்தாண்டுகளைச் சற்றே கடந்த வாழ்நாளுக்குச் சமம். சித்திரா வால்வின் முதல் வடிவம் சோதனைக் கருவியிலேயே தோற்றது. தகட்டைத் தாங்கும் கம்பி பற்றவைத்த இடத்தில் முறிந்தது. இரண்டாம் வடிவத்தில் டைட்டானியச் சட்டகத்துள் செயற்கை நீலக்கல் தகடு வைக்கப்பட்டது. கடினமான கல் மென்மையான உலோகத்தைத் தேய்த்தது. மூன்றாம் வடிவத்தில் சட்டகம் ஹெய்ன்ஸ்-25 என்னும் கோபால்ட் கலவை உலோகத்துக்கு மாறியது, தேய்மானம் நின்றது. ஆனால் ஆட்டின் இதயத்தில் பொருத்தியபின் நீலக்கல் தகடு உடைந்தது. நான்காம் வடிவத்தில் தகடு மிகையடர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனால் ஆனது. சட்டகமோ ஒரே உலோகத்துண்டிலிருந்து முழுமையாகக் கடைந்தெடுக்கப்பட்டது. பற்றவைப்பை மேம்படுத்துவதற்குப் பதிலாகப் பற்றவைப்பே இல்லாமற் செய்துவிட்டார்கள்.

இதன் பொருளை உணர, அதே காலத்தின் பியார்க்-ஷைலி குழிகுவி வால்வின் கதையை அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். 1979 முதல் 1986 வரை உலகெங்கும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்ட அமெரிக்கத் தயாரிப்பு அது. அதுவும் சாய்தகட்டு வால்வே. அதிலும் தாங்குகம்பி பற்றவைத்த இடத்திலேயே முறிந்தது. ஆனால் முறிவு நிகழ்ந்த இடம் சோதனைச்சாலையன்று, நோயாளிகளின் மார்புக்கூடு. அறுநூறுக்கும் மேற்பட்ட முறிவுகள் பதிவாயின. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மரணத்தில் முடிந்தன. விரிசல் கண்ட கம்பிகளை மீண்டும் பற்றவைக்காமல் மெருகிட்டு மறைத்தார்கள், பதிவேடுகளில் பொய் எழுதினார்கள் என்ற குற்றச்சாட்டுகளும் எழுந்தன. தாய் நிறுவனமான ஃபைசர் 1994-இல் 1.075 கோடி டாலர் செலுத்த இணங்கி அமெரிக்க நீதித்துறையுடன் வழக்கை முடித்துக்கொண்டது.

ஒரே இடத்தில் ஒரே வகைப் பிழை. தரக் கட்டுப்பாட்டு விதிகளும் ஆய்வாளர்களும் மிகுந்திருந்த நாட்டில் அது சந்தைக்குப் போயிற்று. இந்தியாவிலோ இதய வால்வைக் கட்டுப்படுத்தும் சட்டமே அன்று இல்லை. வால்வுகள் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தது 2005-இல்தான். சட்டத்தின் நிர்ப்பந்தமின்றியே ஒரு குழு தன் மூன்று வடிவங்களைக் கைவிட்டது. தர மேலாண்மை மாணவர்கள் ஜப்பானிய வாகனத் தொழிற்சாலைகளை மட்டுமே எடுத்துக்காட்டாகப் படிப்பதேன் என்று எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு.

1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு வால்வு பொருத்தப்பட்டது. தொடர்ந்து 1995 ஜனவரிக்குள் ஆறு மருத்துவமனைகளில் 306 பேரிடம் ஆய்வு நடந்தது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் தொழில்நுட்பத்தைப் பெற்று உற்பத்தியை ஏற்றது. இன்று இவ்வால்வைப் பெற்றோர் தொகை ஒரு இலட்சத்தைக் கடந்துவிட்டது.

இரண்டாம் ஆய்வு அவ்வளவு நேர்த்தியாக முடியவில்லை. ஆகவே அதைப் பேசுவோரும் குறைவு.

எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்பது இதயத்தின் உட்சுவர் தடித்து நாராகி, அறைகள் குருதியை ஏற்க இயலாமற்போகும் நோய். உகாண்டாவில் ஜே. என். பி. டேவிஸ் 1948-இல் இதை விவரித்தார். கேரளத்திலும் இந்நோய் மிகுந்திருந்தது. வறிய குடும்பங்களின் சிறாரும் இளைஞருமே பெரிதும் பாதிக்கப்பட்டனர். சித்திராவின் அறுவையரங்குக்கு வந்த இதயங்களைக் கண்ட வலியத்தானும் நோயியலர் சி. சி. கார்த்தாவும், இந்நோய் ஏன் இந்நிலத்தில் மிகுந்து காணப்படுகிறது என்று வினவினர். விடையை மண்ணில் தேடினர்.

கேரளத்தின் சவறை முதல் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி வரையிலான கடற்கரை மணலில் மோனசைட் கனிமம் செறிந்துள்ளது. 1909-இல் ஏற்றுமதியான கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் இதைக் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியமும் உண்டு. சீரியம் முதலான அருமண் தனிமங்களும் உண்டு. நோயுற்ற இதயத் திசுவில் சீரியம் மிகுந்தும் மக்னீசியம் குறைந்தும் இருப்பதாக இருவரும் எழுதினர். 1989-இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினருடன் இணைந்து இந்நோய்க்குப் புவிவேதியியல் அடிப்படை உண்டு என்ற கருதுகோளை விரிவாக முன்வைத்தனர். தனிமம் உடலுக்குள் புகும் வழிகளில் ஒன்றாக மரவள்ளிக் கிழங்கு ஐயத்துக்குள்ளாயிற்று. குமரியில் மரச்சீனி என்று வழங்கும் இக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பஞ்சகாலத்து உணவாகப் பரப்பியவர் விசாகம் திருநாள் மன்னர் என்பர். நிறுவனத்துக்குக் கொடை அளித்த அதே அரச மரபினர். மக்னீசியம் குறைந்த உணவளித்த எலிகளுக்குச் சீரியம் கொடுத்தபோது இதயச் சிதைவு மிகுந்ததைப் பின்வந்த சோதனைகள் காட்டின.

கருதுகோளின் வலிமை அதன் இரட்டைத் தன்மையில் உள்ளது. மண் மட்டும் நோயைத் தருவதில்லை. வறுமையால் மக்னீசியம் குறைந்த உடலில்தான் மண் நஞ்சாகிறது என்பதே அதன் கூற்று. பின்வந்த பத்தாண்டுகளில் கேரளத்தில் இந்நோய் வெகுவாகக் குறைந்தது. மணல் மாறவில்லை, மாறியது உணவும் வாழ்நிலையும். இது கருதுகோளுக்குச் சாதகம் போலத் தோன்றும். ஆனால் ஒட்டுண்ணித் தொற்றும் அதனால் மிகும் இயோசினோஃபில் அணுக்களுமே காரணம் என்போருக்கும் இதே சரிவு சான்றாகும், ஏனெனில் வாழ்நிலை உயர்ந்தால் தொற்றும் குறையும். வால்வைப் பொறுத்தவரை எது தோல்வி என்பது சோதனைக்கு முன்பே வரையறுக்கப்பட்டிருந்தது. எந்தச் சான்று கிடைத்தால் சீரியக் கருதுகோளைக் கைவிடுவது என்பதை அவ்வாறு வரையறுக்க இயலவில்லை. சூழலியல் மருத்துவத்தின் இயல்பான இடர் அது என்பேன். இதய அறையில் சீரியத்தைக் கண்டபின் அது காரணமா, சிதைந்த திசுவில் வந்து தங்கிய விளைவா என்று பிரித்தறிவது எளிதன்று.

நோயாளிகள் அருகிப்போனதால் கேரளத்தில் இனி அதைச் சோதிக்கும் வாய்ப்பும் குறைவு. மொசாம்பிக்கின் இன்யாரிமே மாவட்டத்தில் அனா ஓல்கா மொகும்பி குழுவினர் 1,063 பேரை எதிரொலி இதயப்படக் கருவியால் ஆய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவின்படி, ஐவரில் ஒருவருக்கு, துல்லியமாக 19.8 விழுக்காட்டினருக்கு, இந்நோயின் அடையாளங்கள் இருந்தன. அவர்களுள் பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் இன்னும் தோன்றியிருக்கவில்லை. மண்ணியல், உணவியல், இதயவியல் பயிலும் நண்பர்கள் 1989-ஆம் ஆண்டுக் கட்டுரையையும் மொகும்பியின் கட்டுரையையும் ஒருசேர எடுத்துப் படிக்க வேண்டுகிறேன்.