ஏலமலைப் பிள்ளையும் பெலெம் நகரச் சிறு நூலும்

போடிநாயக்கனூர்க் கடைவீதியில் நடப்போரை முதலில் எதிர்கொள்வது ஏலக்காயின் மணமே. மலையில் பறித்து, சூடேற்றி உலர்த்திய காய்கள் மூட்டை மூட்டையாகப் போடிமெட்டு வழியே கீழிறங்கி வருகின்றன. கிட்டங்கிகளில் வரிசையாய் அமர்ந்து அவற்றைத் தரம் பிரிப்போர் பெரும்பாலும் பெண்கள். அத்தகைய தாய் ஒருவரின் மகன், மேற்படிப்புக்காக லிஸ்பன் நகருக்குப் புறப்படுமுன் நம்மைக் காண வந்தார். "ஐயா, வகுப்பு தொடங்குமுன் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். அங்கே எதைப் பார்க்கலாம்?" என்று கேட்டார்.

நாம் லிஸ்பனைக் கண்ணால் கண்டவரல்லோம், நூல்வழியே அறிந்தவரே. ஆயினும் விடை நம்மிடம் ஆயத்தமாகவே இருந்தது. பெலெம் பகுதிக்குச் செல்லுங்கள் என்றோம்.

ஆற்றங்கரையில், புனித எரோணிமுசார் சபைத் துறவியர்க்கென எழுப்பப்பட்ட பெருமடம் அங்கே நிற்கிறது. மானுவேல் மன்னன் காலத்தில், 1501-ஆம் ஆண்டளவில் தொடங்கிய பணி அது. முடிய ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. ஆப்பிரிக்க நாடுகளோடும் கீழை நாடுகளோடும் நடந்த வணிகத்தின்மீது விதிக்கப்பட்ட, இருபதில் ஒரு பங்கு என்னும் அளவிலான வரியே அதற்குப் பொருள் தந்தது. 1498-இல் கோழிக்கோட்டுக் கரையை அடைந்த வாஸ்கோட காமாவின் கல்லறையும் அம்மடத்துக் கோவிலில்தான் உள்ளது. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா நாளில் நிலநடுக்கம் லிஸ்பனைத் தரைமட்டமாக்கியபோதும் இம்மடம் பெரும்பாலும் தப்பிற்று. அக்கற்களில் நம் மேற்கு மலைச்சரக்கின் விலையும் கலந்திருக்கிறது. கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துக்கீசிய மருத்துவர் 1563-இல் கோவாவில் அச்சிட்ட மூலிகை நூலில் ஏலக்காய்க்கென்றே ஓர் உரையாடல் எழுதியிருப்பதையும் மாணவரிடம் சொன்னோம். அவர் முகம் மலர்ந்தது.

ஆனால் நாம் அவரை அனுப்ப விரும்பியது கோபுரங்களைக் காண அன்று. அம்மடத்தின் ஒரு பகுதியில் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. சீரமைப்புக்காக 2022-இல் அது மூடப்பட்டது. ஆதலால் திறப்பு நிலையைக் கேட்டறிந்தே செல்லுமாறு சொன்னோம். 'கார்டிலா' என வழங்கும் ஒரு சிறு நூல் அவ்வருங்காட்சியகத்தின் உடைமை. 1554 பிப்ரவரி 11-இல் லிஸ்பனில் அச்சாகி முடிந்த மறைக்கல்வி நூல் அது. செபங்கள் தமிழில் உள்ளன; எழுத்தோ உரோமை எழுத்து. தமிழ்ச் சொற்களோடு போர்த்துக்கீசியப் பொருளும் தரப்பட்டுள்ளது. தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது 1578-இல். அதற்கு 24 ஆண்டுகள் முந்தியது இந்நூல்.

அதனை ஆக்கியோர் நம் நாட்டவர் மூவர்: விசேந்தே த நசரேத், ஜோர்ஜே கர்வாலோ, தோமா த குரூஸ். திருமுழுக்கில் பெற்ற பெயர்களாலேயே நூல் அவர்களை அறிமுகம் செய்கிறது. தாய் கற்பித்த மொழியில் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லிப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக அந்நிய எழுத்தில் அவர்கள் இறக்கி வைத்திருக்க வேண்டும். அந்நகருக்கு நம்மவர் கொண்டு சென்ற சரக்குகளுள் இதற்கு மட்டும் வரி இல்லை.

இதனைத் தமிழுலகம் அறியச் செய்தோருள் முதன்மையானவர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னில் 1913-இல் பிறந்த அவர் 1934 முதல் உரோமையில் குருமாணவராய்ப் பயின்றார். 1938-இல் அங்கேயே குருவானார். ஆயினும் வத்திக்கான் நூலகத்திலிருந்த அந்தாம் த புரோயென்சா அடிகளின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி (1679) அவர் கைக்கு எட்டியது 1954-இல்தான். இடைப்பட்ட காலத்தில், வடக்கன்குளத்தில் ஆசிரியராயிருந்தபோதே, அவர் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். பின்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தார். நகரம் அதுவே, நூலகமும் அதுவே. தேடிச் சென்ற கண்தான் வேறு. இதை மாணவரிடம் சற்று அழுத்தியே சொன்னோம். தமிழை மறவாதீர் என்னும் பழைய பல்லவியாக அவர் அதைக் கேட்டுக்கொண்டார் போலும்; இளைஞர்தாமே.

அவரோ நம்மைத் திருப்பிக் கேட்டார்: "நம்ம ஊரில் இப்படி எதையாவது வைத்திருக்கிறார்களா, ஐயா?"

போடி சமீன் அரண்மனைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டிருப்பதைச் சொன்னோம். பிறந்து வளர்ந்த ஊரில் அவர் அவற்றைக் கண்டதில்லை. நம் பங்குகளைப் பற்றி அவர் கேட்டபோது நாம் சற்று நேரம் பேசவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், மலையடிவாரப் பங்கு ஒன்றின் அறைவீட்டை வெள்ளையடிக்கையில் பழைய செபநூல்களும் பாட்டுப் புத்தகங்களும் எடைக்குப் போடப்பட்டன. நாமும் அங்கே நின்றிருந்தோம். கறையான் அரித்தவை, யார் படிக்கப் போகிறார்கள் என்றார்கள்; நாமும் தலையசைத்தோம். தள்ளுவண்டி நகருமுன் கைக்கு அகப்பட்ட இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். அவற்றை அன்று அந்த மாணவரிடம் காட்டினோம். ஒன்றில் முதல் எட்டுப் பக்கங்கள் இல்லை. ஆதலால் அச்சிட்ட ஊரோ ஆண்டோ தெரியவில்லை. அவர் அதன் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, மங்கிய மையில் யாரோ எழுதியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.