பேராக் தோட்டப்புறங்களில் சமயப் பணி: நிலமும் இசைவும் மனச்சான்றும்

மலேசியத் தமிழரின் சமய வாழ்வைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கோயில்களையும் திருவிழாக்களையும் வருணிப்பதோடு நிறைவடைகின்றன. கோயில் எழுந்த ஆண்டு, குடமுழுக்கு நடைபெற்ற நாள், திருப்பணி செய்தோர் பெயர் ஆகியவை அக்கறையோடு தொகுக்கப்பெறுகின்றன. ஆயின் அக்கோயில் நின்ற நிலம் யாருக்கு உரியது, அங்குத் தொண்டாற்றியவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்னும் இரு வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பெறுகின்றன. பேராக் மாநிலத் தோட்டப்புறங்களின் வரலாற்றை இவ்விரு வினாக்களின் வழியே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்து, கத்தோலிக்க, புரொட்டஸ்தாந்து ஆகிய மூவகைத் தொண்டர்களும் ஒரே வகையான இக்கட்டில் நின்றனர் என்பதும், தோட்டங்கள் கலைந்த பின்னரும் அவ்விக்கட்டு உருமாறித் தொடர்ந்தது என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படும்.

1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கில் ஆங்கிலேயர் ஆதிக்கம் வேரூன்றியது. கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கே தமிழ்த் தொழிலாளர் முதலில் பெருமளவில் கொண்டுவரப்பட்டனர். 1877இல் கோலகங்சாரில் நடப்பெற்ற இரப்பர்க் கன்றுகள் பின்னாளில் அம்மாநிலத்தின் முகத்தையே மாற்றின. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுற்றது. கங்காணி முறையில் ஆளெடுப்பு 1938 வரை நீடித்தது. கங்காணி தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் திரட்டினான். ஆதலின் ஒரு தோட்டத்திற்கு வந்த மக்களோடு அவர்தம் ஊர்த்தெய்வமும் உடன் வந்தது. மாரியம்மனும் முனியாண்டியும் காளியம்மனும் இரப்பர்க் காட்டின் ஓரத்தில் குடியேறிய வரலாறு இதுவே.

இங்கு ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று விதிக்க இடமளித்தது. அப்பள்ளி பெரும்பாலும் ஓர் ஓலைக் கொட்டகையாகவும், ஆசிரியர் ஒரு கங்காணியாகவோ கிராணியாகவோ இருந்தபோதிலும், அதற்குச் சட்டத்தின் பற்றுக்கோடு இருந்தது. கோயிலுக்கு அத்தகைய பற்றுக்கோடு எதுவும் இல்லை. அது துரையின் இசைவால் நின்றது. லயத்தை அடுத்து ஒரு துண்டு நிலம், கூரைக்குத் தகரம், திருவிழாவிற்கு ஒருநாள் விடுமுறை ஆகியவற்றை நிருவாகம் மனமுவந்து அளித்தது. தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து கோயிற்பணம் செலுத்தினர். அது பல தோட்டங்களில் செக்ரோல் வழியாகவே பிடித்தம் செய்யப்பட்டது. திருவிழாவன்று துரைக்கு மாலை அணிவித்து முதல் மரியாதை செய்யும் வழக்கம் எங்கும் பரவியிருந்தது.

துரை மாலையணிந்து நிற்கும் காட்சியைச் சமய நல்லிணக்கத்தின் சான்றாகப் போற்றுவோர் உளர். அவ்வாறு கொள்வது பொருந்தாது என்பதே என் கருத்து. இசைவுக்கு ஒரு விலை இருந்தது. கோயில் நடத்திய குழுவின் தலைமை பெரும்பாலும் கங்காணியிடமோ கிராணியிடமோ இருந்தது. பூசாரி பகலில் பால்மரம் வெட்டிய தொழிலாளி. அவரது பெயரும் அதே செக்ரோலில்தான் இருந்தது. அம்மன் அருள் வந்து ஆடும்பொழுது எவரையும் ஏகவசனத்தில் அழைத்துக் குறை கூறும் உரிமை அவருக்கு இருந்தது. மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் அந்த உரிமை இல்லை. கூலி, கடன், கள்ளுக்கடை, பெண்கள் பட்ட இன்னல் ஆகியவை பற்றிக் கோயில் வாய்திறவாமல் இருந்ததற்குப் பக்திக் குறைவோ அறியாமையோ காரணமன்று. நிலம் பிறருடையது என்பதே காரணம்.

கிறித்துவப் பணியாளர் நிலை இதனின் வேறுபட்டதா? பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த ரெனே ஃபே அடிகளார், பிற்காலத்தில், 1896இல், மலாக்கா ஆயராக உயர்ந்தவர். அவர் 1880களில் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென ஒரு குடியேற்றத்தை உருவாக்கினார். மக்களைத் தோட்டத்து லயத்திலிருந்து விடுவித்து, கோயிலைச் சுற்றி வேளாண் குடிகளாக நிலைபெறச் செய்வதே அம்முயற்சியின் உட்கிடை எனலாம். நிலச் சிக்கலை அக்காலத்திலேயே உணர்ந்து செயற்பட்ட ஒரே சமயப் பணி இது என்று சொன்னால் மிகையாகாது. எனினும், நிலத்தையும் ஆன்மாவையும் ஒருவரே மேற்பார்க்கும் நிலையில், குரு என்பவர் ஓரளவு நிலக்கிழாராகவும் ஆகிவிடுகிறார். குடியானவன் தன் குருவோடு முரண்பட நேரின் அவன் எங்குச் செல்வான்? துரையின் இசைவுக்குப் பதிலாகக் குருவின் இசைவு வந்தது எனக் கூறுவது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் அமைப்பு முறையில் ஒப்புமை உண்டு.

குடியேற்றத்திற்கு வெளியே, தோட்டங்களில் சிதறிக் கிடந்த கிறித்துவக் குடும்பங்களைக் காத்தவர் உபதேசியாரே. குருவானவர் வரும் நாள்களுக்கிடையே செபம் கற்பித்தவரும், நோயுற்றோரைக் கண்டவரும், இறந்தோரை அடக்கம் செய்தவரும் அவர்தாம். மெதடிஸ்தர் வேறு வழியில் வந்தனர். 1895இல் வில்லியம் ஹோர்லி ஈப்போவில் ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கினார். நகரமும் ஆங்கிலக் கல்வியும் அவர்களது பணியின் முதுகெலும்பாயின. தரங்கம்பாடி மரபில் வந்த லுத்தரன் தமிழரும் தமக்கெனச் சபைகளை அமைத்துக்கொண்டனர். இவையன்றி, ஈப்போ நகரில் 1908இல் ஷேக் ஆதம் என்னும் வணிகரின் முயற்சியால் எழுந்த இந்திய முஸ்லிம் பள்ளிவாசல், இஸ்லாமும் இந்நகரத் தமிழரின் சமயங்களுள் ஒன்றாக இருந்துவந்தமையை நினைவூட்டுகிறது. தமிழர் என்ற சொல்லை இந்து என்ற சொல்லுக்கு ஈடாக வழங்கும் பிற்காலப் போக்கு இவ்வரலாற்றுக்கு முற்றிலும் முரணானது.

1929ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஈப்போவில் அகில மலாயாத் தமிழர் மாநாடு கூடியது. தமிழகத்திலிருந்து வந்திருந்த ஈ.வெ. இராமசாமிப் பெரியார் அதில் கலந்துகொண்டு உரையாற்றினார். பேராக்கின் சமய அறநெறி வரலாற்றில் இம்மாநாட்டிற்குத் தனியிடம் உண்டு. அதுவரை கோயிலுக்குள் எவரும் கேளாத வினாக்களைக் கோயிலுக்கு வெளியே நின்று கேட்டோர் சீர்திருத்த இயக்கத்தினர். சாதிக்கொரு லயம், சாதிக்கொரு குவளை என்னும் வழக்கங்கள் கடல் கடந்தும் அழியாதிருந்தமையைப் பேராசிரியர் இராஜகிருஷ்ணன் 1984இல் வெளியிட்ட சாதியுணர்வு பற்றிய நூலில் விரிவாகக் காணலாம். அவ்வழக்கங்களைக் கண்டித்துப் பேச எந்தச் சமயத் தொண்டரும் முன்வராத காலத்தில் சீர்திருத்தவாதிகள் பேசினர். இதில் அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது.

உயிர்ப்பலியையும் தீமிதியையும் காவடியையும் அவர்கள் தாக்கியபோது நிலைமை அத்துணைத் தெளிவாக இல்லை. ஆண்டு முழுவதும் மணியோசைக்கு எழுந்து, பிறர் குறித்த நிரையில் மரம் வெட்டிய மனிதனுக்கு, தன் உடலையும் பொழுதையும் தானே ஆளும் நாள் திருவிழா நாள் ஒன்றே. அலகு குத்திக்கொள்வதில் அவன் கண்டது மூடநம்பிக்கை மட்டுமன்று. தன் உடல்மீது தனக்குள்ள உரிமையையும் கண்டான். நகர வணிகரும் எழுத்தறிந்தோரும் மிகுந்திருந்த மேடைகளில் இந்த நுட்பம் உணரப்பட்டதாகத் தெரியவில்லை. பிற்காலத்து ஆகமவழிச் சீர்திருத்தவாதிகளும், கடவுள் மறுப்பாளருக்கு நேர் எதிரானவர் எனத் தம்மைக் கருதிக்கொண்டோராயினும், சிறுதெய்வ வழிபாட்டைக் குறைவாக மதிப்பிடுவதில் அவர்களோடு ஒன்றுபட்டனர் என்பது வியப்பிற்குரியது.

அடுத்த இருபதாண்டுகள் பெரும் துயரத்திற்குரியன. சயாம்-பர்மா இரயில்பாதைக்கு ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை மூடக் கோரியது. ஒழுக்கம் என்பது தனிமனித நோன்பு என்ற நிலையிலிருந்து தொழிலாளர் கூட்டு உரிமையாக மாறிய அரிய தருணம் அது. 1947இல் அது ஒடுக்கப்பட்டது. 1948 ஜூன் 16இல் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்ட நிருவாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் நடைமுறைக்கு வந்தது. லயங்கள் முள்வேலிக்குள் அடைபட்டன.

விடுதலைக்கு முன்னும் பின்னும் நடைபெற்ற தோட்டத் துண்டாடல், நிலம் யாருடையது என்னும் வினாவை வெளிப்படையாக்கியது. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைக் குறித்து மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியலறிஞர் உங்கு அசிஸ் மேற்கொண்ட ஆய்வு, வேலையும் வீடும் ஒருசேர இழந்த மக்களின் நிலையை ஆவணப்படுத்தியது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர் மாதந்தோறும் பத்து வெள்ளி செலுத்தித் தோட்டங்களைத் தாமே வாங்கும் வழியைத் திறந்தார். இதனைப் பொருளியல் திட்டமாக மட்டும் கருதுதல் முறையன்று. காலடி மண் தன்னுடையது என்னும் நிலையிலேயே மனச்சான்று வாய்திறக்கும் என்பதை ஏற்பின், அவர் ஆற்றியதும் ஒருவகைச் சமயப் பணியே.

கூட்டுறவுச் சங்கத்தின் கை எட்டாத தோட்டங்களே மிகுதி. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 48ஆம் பிரிவு, அரசு நிலத்தை நெடுங்காலம் அனுபவித்தமையால் உரிமை தோன்றாது என்கிறது; 341ஆம் பிரிவு தனியார் நிலத்திற்கும் அதே நெறியை விதிக்கிறது. நூறாண்டு பூசை நடைபெற்ற கோயிலாயினும் சட்டத்தின் கண்ணில் அதற்கு நிலவுரிமை எழுவதில்லை. 1969ஐ அடுத்து வேலை அனுமதிச் சட்டம் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது ஏறத்தாழ 60,000 பேர் தமிழகம் திரும்பினர். எஞ்சியோரில் பலர், இரப்பர் செம்பனைக்கு இடங்கொடுத்த காலத்தில், ஈப்போவின் புந்தோங் போன்ற நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். ஆளில்லாத லயங்களிடையே கோயில்கள் மட்டும் நின்றன. தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலைக்குச் செல்லும் காவடிகளில் பல, உண்மையில் மறைந்துபோன தோட்டங்களின் காவடிகளே.

நகரில் அண்டை வீட்டார் வேற்றினத்தவராயினர், வேற்றுச் சமயத்தவராயினர். வடபேராக் தமிழருள் இந்துக்களும் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவிற்குச் செல்வதைப் பிழையெனக் கொள்வதில்லை. மக்கள் இயல்பாகச் செய்ததை நிறுவனங்கள் பிந்தியே முறைப்படுத்தின. 1965இல் மலேசிய இந்து சங்கம் தோன்றியது. 1983இல் பௌத்த, கிறித்துவ, இந்து, சீக்கிய சமயங்களின் ஆலோசனை மன்றம் அமைந்தது. 1961 முதல் 1969 வரை, கத்தோலிக்கக் குருவாகிய தனிநாயகம் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கி, 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். சைவரும் வைணவரும் இஸ்லாமியரும் கடவுள் மறுப்பாளரும் ஒரு குருவானவரின் அழைப்பை ஏற்று ஓரிடத்தில் கூடினர் என்பது இன்று நினைக்கினும் மகிழ்வளிப்பது.

துரை போனபின் இசைவு அளிக்கும் அதிகாரம் சட்டத்தின் கைக்கு வந்தது. கூட்டரசு அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாகவும், பிற சமயங்கள் அமைதியோடு பின்பற்றப்படத் தக்கனவாகவும் கூறுகிறது. 11ஆம் பிரிவு சமய உரிமையை அளிக்கிறது. 1988இல் சேர்க்கப்பெற்ற 121(1அ) பிரிவு, ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்திற்குட்பட்டவற்றில் உரிமையியல் நீதிமன்றம் தலையிடுதலைத் தடுத்தது. 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் திரண்ட இந்திய மக்கள் பேரணிக்குக் கோயில் உடைப்புகள் ஓர் உடனடிக் காரணமாயின. ஆயினும் ஈப்போவிலிருந்து எழுந்த மற்றொரு வழக்கே இக்கட்டுரையின் வினாவை அதன் கூர்மையான வடிவில் முன்வைக்கிறது.

2009இல் ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை மு. இந்திரா காந்தியின் கணவர் இஸ்லாத்தைத் தழுவி, தாயின் இசைவின்றி மூன்று பிள்ளைகளையும் மதமாற்றினார். பதினொரு மாதக் கைக்குழந்தையை உடன்கொண்டு சென்றார். 2013இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மதமாற்றச் சான்றிதழ்களை நீக்கியது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, தாய் தந்தை இருவர் இசைவும் வேண்டும் என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வழக்கின் ஓர் அச்சு மொழிபெயர்ப்பில் இருந்தது என்பது மொழித்துறையினர் கவனத்திற்குரியது. 12(4) பிரிவின் ஆங்கில மூலத்தில் பெற்றோரைக் குறிக்கும் சொல் ஒருமையில் நிற்கிறது. மலாய் மொழிபெயர்ப்போ தாய் அல்லது தந்தை எனப் பொருள்படும்படி அமைந்தது. ஒருமை பன்மையையும் உள்ளடக்கும் என்னும் விதியைக் கொண்டு நீதிமன்றம் இருவரையும் குறிப்பதாகவே அச்சொல்லைக் கொண்டது.

ஈப்போ வழக்கைச் சமயங்களுக்கிடையிலான போராகக் காட்டுவோர் இருபுறமும் உண்டு. அடிப்படையில் அது ஒரு தாயின் இசைவு கணக்கில் கொள்ளப்படுமா என்னும் வினா. தோட்டக் காலத்தில் இசைவு கேட்டு நின்ற மக்களின் வழித்தோன்றல் ஒருவர், முதன்முறையாகத் தம் இசைவைக் கேட்குமாறு அரசைப் பணித்தார். கணவரைக் கைது செய்யுமாறு காவல்துறைத் தலைவருக்குக் கூட்டரசு நீதிமன்றம் 2016 ஏப்ரலில் ஆணையிட்டிருந்தது. 2018 தீர்ப்பு வெளிவந்தபோது அக்குழந்தை பத்து வயதை நெருங்கியிருந்தது. அதன்பின் ஐந்தாண்டுகள் கடந்தும் தாயிடம் வந்து சேரவில்லை.