தன்னொழுங்குக் கற்றல் (உயர்கல்வி)

தன்னொழுங்குக் கற்றல் என்பது மாணவர் தம் படிப்புக்குத் தாமே இலக்கு வைத்து, அதற்கேற்ற வழியைத் தேர்ந்து, முன்னேற்றத்தைக் கவனித்து, தேவைப்பட்டால் வழியை மாற்றிக்கொள்ளும் திறன். இது பிறவிக் குணமன்று, பழக்கத்தால் வருவது. பள்ளியில் மணியடித்தால் பாடம் மாறும். டியூஷனும் வீட்டாரின் கண்டிப்பும் மாணவரைப் படிக்க உட்கார வைக்கும். கல்லூரியில் அந்தக் கட்டுத் தளர்கிறது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்றவரும் முதல் செமஸ்டரிலேயே அரியர் வைக்க இதுவும் ஒரு காரணம்.

கோட்பாடு

கனடாவில் பிறந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் 'தன்திறன் நம்பிக்கை' என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு வேலையைத் தம்மால் முடிக்க இயலும் என்று ஒருவர் எவ்வளவு நம்புகிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய முயற்சியும், தடை வரும்போது தாக்குப்பிடிப்பதும் அமையும் என்றார். அமெரிக்கரான பேரி சிம்மர்மன் இந்தச் சிந்தனையைப் படிப்புக்குப் பொருத்தினார். கற்றலை முன்திட்டம், செயற்பாடு, தன்மதிப்பீடு என மூன்று கட்டங்களாகப் பிரித்து, மூன்றாவது மீண்டும் முதலாவதற்கு இட்டுச்செல்லும் சுழற்சியாக விளக்கினார். 1986இல் அவரும் மார்ட்டினெஸ் பான்ஸும் பள்ளி மாணவர்களைப் பேட்டி கண்டு 14 கற்றல் உத்திகளை வகைப்படுத்தினர். ஆசிரியரிடமும் சக மாணவரிடமும் உதவி கேட்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 'சந்தேகம் கேட்டால் மட்டம் என்று நினைப்பார்களோ' என்று கடைசி பெஞ்சில் தயங்குபவருக்கு இது முக்கியமான செய்தி.

உளவளங்கள்

தன்திறன் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைப் பண்டூரா குறிப்பிட்டார்: தாமே செய்து பெற்ற சிறு வெற்றி, தம்மைப் போன்ற ஒருவர் வெல்வதைக் காண்பது, நம்பிக்கைக்குரியவர் சொல்லும் ஊக்கச் சொல், பதற்றமற்ற உடல்நிலையும் மனநிலையும். இவற்றுள் முதலாவதே வலுவானது. வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் மாணவருக்கு இரண்டாவது எளிதில் கிடைப்பதில்லை. அதே ஊரிலிருந்து வந்து தேறிய சீனியர் ஒருவர் அந்தக் குறையை நிரப்ப முடியும்.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகியோரின் தன்முடிவுக் கோட்பாடு, உள்ளார்ந்த ஊக்கத்துக்குத் தன்னுரிமை, திறமையுணர்வு, பிறரோடு ஒட்டுறவு ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறது. வீட்டார் விருப்பத்துக்காக மட்டும் ஒரு பாடப்பிரிவில் சேர்ந்தவரிடம் முதலாவது குறைவதால் ஊக்கமும் குறையலாம்.

பீங்கான் சூளையில் ஓர் எடுத்துக்காட்டு

கடலூர் மாவட்டத்தில் மணிமுக்தாற்றங்கரையில் உள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு அளிக்கும் அரசு நிறுவனமும் இங்கே இருக்கின்றன. 

சுட்டெடுத்த பொம்மையில் விரிசல் விழுந்தால், பிழை மண் கலவையிலா, அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த வேகத்திலா, சூளைச் சூட்டிலா என்று பார்க்க வேண்டும். மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் காரணம் பிடிபடாது. ஒவ்வொன்றாக மாற்றி, நோட்டில் குறித்து, மறுபடி சுட வேண்டும். சிம்மர்மன் சொன்ன சுழற்சியும் இப்படித்தான் நடக்கிறது.

பீங்கான் துறையில் சூட்டை அறிய ஒரு சிறு கூம்பைச் சூளைக்குள் வைப்பதுண்டு. ஜெர்மானியரான ஹெர்மன் சேகர் 1886இல் இதை உருவாக்கினார். உரிய சூடு உரிய நேரம் ஏறியதும் கூம்பு தலைசாயும், ஊகத்துக்கு வேலையில்லை. படிப்பில் அந்தக் கூம்பின் வேலையைச் செய்வது, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, வாசித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினர். வாசிக்கும்போது வரும் 'எல்லாம் தெரியும்' என்ற உணர்வு நம்பத்தக்க அளவுகோலன்று.

வெளித்துணை

1976இல் ஆய்வாளர்கள் வுட், புரூனர், ராஸ் ஆகியோர் கற்பிப்போர் தரும் தற்காலிகத் துணைக்குக் கட்டடச் சாரத்தின் பெயரை வைத்தனர். சுவர் எழுந்தபின் சாரத்தைப் பிரித்துவிடுவதுபோல, மாணவர் தேறத் தேற ஆசிரியரின் துணையும் குறைய வேண்டும். தொடக்கத்தில் வாரந்தோறும் படிப்புத் திட்டத்தைப் பார்த்துத் திருத்தும் வழிகாட்டி ஆசிரியர், பிறகு மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். இன்டர்னல் தேர்வுத் தாளை மதிப்பெண்ணோடு மட்டும் திருப்பித் தருவதைவிட, பிழை எங்கே என்று இரண்டு வரி எழுதித் தருவது அதிகம் பயன்படும்.

பணக்கவலையும் கவனத்தைத் தின்னும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வருவோருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் தமிழ்நாட்டில் உள்ளன: மாணவியருக்கான புதுமைப் பெண் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கின. திறன் பயிற்சியும் தொழில் வழிகாட்டலும் தரும் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1இல் தொடங்கியது.

படிப்புத் திட்டம் போட்டுக் கொடுத்தால் மனச்சோர்வு தீர்ந்துவிடாது. அதற்குத் தேர்ந்தவரின் உதவி வேண்டும். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டு நெறி வகுத்தது. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.