மலையகத்தின் குரல் வெளியே செல்லும் வழி

கடந்த மாதம் ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். தாம் பப்ஜி விளையாடுவதை யூடியூபில் நேரடியாக ஒளிபரப்பி வருபவர். விறுவிறுப்பான கட்டத்தில் படம் உறைந்து நின்றுவிடுகிறதாம்; பார்ப்பவர்கள் கலைந்துவிடுகிறார்களாம். "கிளவுட் சேவை ஒன்றை வாடகைக்கு எடுத்தால் தரம் கூடும் என்கிறார்கள். உண்மையா ஐயா?" என்று கேட்டார். பத்திரிகைக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்வியன்று. எனினும் அக்கேள்விக்குள் மலையகத்தின் ஒரு நூற்றாண்டு வரலாறு ஒளிந்திருப்பதாகப் பட்டது. விடயமறிந்த நண்பர்களிடம் விசாரித்து இதனை எழுதுகிறேன்.

கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16 அன்று தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது, கண்டியில் தலைமையகம் கொண்டிருந்த மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமை, தன் வீரர்களுக்காக ஒரு வானொலியை நடத்தியது. அதன் ஆற்றல்மிக்க சிற்றலைக் கருவி எக்கலையில் நிறுவப்பட்டது. போர் முடிந்தபின் அது இலங்கையின் கைக்கு வந்தது. 1949இல் 'றேடியோ சிலோன்' பிறந்தது. சிற்றலை வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவது. கடலைத் தாண்டித் தமிழகத்தை எட்டிய அந்த அலைக்கு மலை ஒரு பொருட்டல்ல. என் சிறுவயதில் எங்கள் லயத்தில் ஒரு வீட்டில்தான் வானொலிப் பெட்டி இருந்தது. சோர்ந்துபோன பற்றறிகளை வெயிலில் காயவைத்து மாலையில் மீண்டும் போடுவார்கள். குரல் அலைபோல் ஏறியிறங்கும். இரைச்சலும் கூடவே வரும். ஆனால் வந்து சேரும்.

அதே காலத்தின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எம் மக்களில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. றேடியோ சிலோன் பிறந்த 1949இலேயே அவர்களின் வாக்குரிமையும் பறிபோனது. அதற்கு முன்னர் கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் பாட்டாகவும் துண்டுப் பிரசுரமாகவும் தோட்டம் தோட்டமாகக் கொண்டுசென்ற குரல், மலையகத்தின் சொந்தக் குரல். வானொலி வந்த காலத்திலோ நாம் கேட்பவர்களாக மட்டுமே எஞ்சினோம்.

1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியது. நாட்டின் மிக உயர்ந்த சிகரமான, 2524 மீட்டர் உயரமுள்ள பீதுருதலாகலையில் அதன் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. சிகரத்திலிருந்து தூரத்துச் சமவெளிக்குப் போகும். காலடியில், இன்னொரு மலையின் மறைவிலிருக்கும் பள்ளத்துக்கு இறங்காது. கோபுரம் எங்கள் தலைக்கு மேலே, படமோ புள்ளிமழை! 1996 மார்ச் 17 அன்று லாகூரில் இலங்கை அணி உலகக் கிண்ணத்தை வென்ற ஆட்டத்தைக் கார் பற்றறியில் ஓடிய பெட்டியொன்றில் பார்த்தோம். வெளியே ஒருவர் மூங்கிலில் கட்டிய அன்ரனாவைத் திருப்பியபடியே நின்றார், உள்ளிருந்து "சரி, சரி, அசைக்காதே!" என்று கத்திக்கொண்டிருந்தோம்.

2006இல் மூன்றாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவை வந்தது. அதன் அலைகள் தொலைக்காட்சி அலையினும் உயர்ந்த அதிர்வெண் கொண்டவை. அதிர்வெண் உயர உயரத் தகவல் கூடுதலாக ஏறும். மலையைச் சுற்றி வளையும் இயல்போ குறையும். ஒவ்வொரு முன்னேற்றமும் தரத்தைக் கூட்டியது; பள்ளத்திலிருக்கும் லயத்துக்குப் புதிய தடையையும் கூடவே கொண்டுவந்தது. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது மலையகப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் குன்றேறியதற்கு இதுவே காரணம்.

இனி கிளவுட் சேவைக்கு வருவோம். இவ்வகைச் சேவை ஒளிபரப்பாளரிடமிருந்து ஒரே ஒரு படவோட்டத்தை வாங்கிக்கொள்கிறது. அதனை 1080, 720, 480 எனப் பல தரங்களில் பிரதியெடுத்து, சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, பார்வையாளருக்கு அண்மையிலுள்ள வழங்கிகளில் வைக்கிறது. ரொறன்ரோவில் வேகமான இணைப்புள்ளவர் தெளிவான படத்தைப் பார்ப்பார். கிளிநொச்சியில் வலுக்குறைந்த இணைப்புள்ளவர் சிறிய படத்தைத் தடங்கலின்றிப் பார்ப்பார். விளையாட்டு ஒளிபரப்புத் தளமான ட்விச்சை 2014இல் வாங்கிய அமேசான், அதே தொழில்நுட்பத்தை 2020இலிருந்து எவரும் வாடகைக்கு எடுக்கும் சேவையாகத் தருகிறது. ஒருகாலத்தில் எக்கலைக்கு ஓர் அரசு வேண்டியிருந்தது. இன்று பயன்படுத்திய நேரத்துக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். சொந்தத் தளத்தில் போட்டி நடத்த விரும்பும் இளைஞர் குழுவுக்கு இது பெரிய வாய்ப்பு.

ஆனால் தம்பியின் கேள்விக்கு விடை வேறு. பிரதியெடுக்கும் அவ்வேலையை யூடியூப் ஏற்கெனவே செய்து கொடுக்கிறது. அவருடைய படம் உறைவது முகிலில் அன்று. லயத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே. வேகமாக மாறும் விளையாட்டுக் காட்சியை 1080 தரத்தில், விநாடிக்கு 60 சட்டங்களாக அனுப்ப ஏறக்குறைய 6 மெகாபிற் வேகம் இடையறாது வேண்டும். 720 தரத்தில் 30 சட்டங்களுக்கு அதில் பாதி போதும். பள்ளத்தை விட்டுப் புறப்படாத படத்தை எந்த முகிலாலும் மீட்க முடியாது.

தரத்தைக் குறைத்து அனுப்பும்படி அவருக்குச் சொன்னேன். சில நாட்கள் கழித்து அழைத்தார். "கொஞ்சம் மங்கல்தான் ஐயா, ஆனால் நிற்கவில்லை" என்றார்.

விளையாட்டுத்தானே என்று சிலர் சிரிக்கக்கூடும். 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றோர் என்ற பழி நீங்கியது. இன்று லயத்திலிருக்கும் ஒரு பிள்ளை, எவரிடமும் அனுமதி கேளாமல் உலகத்தோடு நேரடியாகப் பேச முனைகிறது. அது விளையாட்டைக் காட்டுகிறதா, பாடம் நடத்துகிறதா என்பது இரண்டாம் கேள்வி. 1982இல் சிகரத்தில் கோபுரம் கட்டியவர்கள் சமவெளியை நினைத்தார்கள். இனிக் கட்டுபவர்கள் பள்ளத்தை நினைக்க வேண்டும். தோட்டங்களுக்கு ஒளியிழை வடம் இறங்கவேண்டும். நூறாண்டு கேட்டவர்களுக்குப் பேசவும் ஒரு வழி வேண்டாமா?