குண்டுகளாக மாறிய மன்னர்

இந்தியா கேட் அருகே நின்ற ஐந்தாம் ஜார்ஜ் சிலையை 1968-இல் வடதில்லியின் கொரோனேஷன் பூங்காவுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்களை நான் அங்கேயும் அழைத்துப் போவேன். "பளிங்கு மன்னர், அதனால் பிழைத்தார்" என்று சொன்னால் சிரிப்பார்கள். அவருடைய முன்னோர் மூன்றாம் ஜார்ஜுக்கு நியூயார்க்கில் நேர்ந்த கதியைச் சொன்ன பிறகுதான் விஷயம் புரியும்.

அந்தச் சிலை 1770-இல் பௌலிங் கிரீன் என்ற இடத்தில் நிறுவப்பட்டது. குதிரை மேல் மன்னர். தங்க முலாம் பூசிய காரீயம். (ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், இது வேறு.) 1776 ஜூலை 9 அன்று வாஷிங்டனின் படைக்கு விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அன்று மாலையே ஒரு கூட்டம் கயிறு கட்டிச் சிலையைச் சாய்த்துவிட்டது. எடை சுமார் 4,000 பவுண்டு. அப்போது குண்டு வார்க்கக் காரீயம் கிடைப்பது அரிது. ஜன்னல்களில் தொங்கிய காரீயக் கட்டிகளைக்கூடக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் இவ்வளவு பெரிய மன்னரைச் சும்மா விடுவார்களா?

உடைத்த துண்டுகள் கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டு ஊருக்குப் போயின. அங்கே வீடு ஆலிவர் வுல்காட்டுடையது. பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். வேலை செய்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும்தான். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், உலைக்களம் வேண்டாம், வீட்டு அடுப்பே போதும். கரண்டியால் மொண்டு, இடுக்கி போன்ற அச்சில் ஊற்றி, ஆறியதும் திறந்து, ஒட்டி நிற்கும் வாலை நறுக்கிவிட வேண்டும். பிறகு குண்டையும் மருந்தையும் காகிதத்தில் சுருட்டினால் தோட்டா.

வுல்காட் இதற்குக் கணக்கு எழுதிவைத்தார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். திருமதி மார்வின் 6,058. ரூத் மார்வின் 11,592. மகள் லாரா 8,378. பதினோரு வயது மேரி ஆன் 10,790. திருமதி பீச் 1,802. வந்தவர் போனவர் செய்தது 2,182. உள்ளூர்ப் படைக்குக் கொடுத்தது 50, ஒரு ரெஜிமென்ட்டுக்கு 300. கடைக்குட்டி பிரெடெரிக், ஒன்பது வயதுப் பையன், 936. கூட்டிப் பார்த்தேன், 42,088 சரியாக வருகிறது. சிலையைச் சாய்த்த கூட்டத்தை ஓவியர்கள் பெரிதாக வரைந்தார்கள். அச்சைப் பிடித்த இந்தக் கைகளுக்கு இந்த ஒரு தாள்தான் சாட்சி. காரீயத் தூசி பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் என்பது இன்று நமக்குத் தெரியும். அந்தத் தாயும் தகப்பனும் எதை அறிந்தார்கள், பாவம்.

பவுண்டுக்கு 18 குண்டு என்று வைத்தாலும் சிலையில் பாதியைவிடச் சற்றே அதிகம்தான் கணக்கில் வருகிறது. மீதியில் கொஞ்சத்தை ராஜ விசுவாசிகள் வழியில் திருடி ஒளித்தார்களாம். 1871-இல் வில்டன் என்ற ஊரில் குதிரையின் வால் கிடைத்தது. இப்போது நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. அந்த வால் மட்டும் லிட்ச்ஃபீல்டு போய்ச் சேர்ந்திருந்தால் பிரெடெரிக் ஆயிரத்தைத் தாண்டியிருப்பான்.